ஏழாம் நம்பர் கால்

அந்தப் பலகைய மேல வைக்காதீங்க தம்பி. இந்த பஸ்ல மேல வெச்ச சாமான் வெச்ச எடத்துல இருக்காது. அக்கரை ஸ்டாப்பு தாண்டிட்டா டிரைவருக்கு வேகம் வந்துரும். மடியிலயே வெச்சுக்கங்க. நானும் அப்படித்தான வெச்சிருக்கேன். உங்களுது உறைக்குள்ள இருக்கு, என்னுது பழைய வேட்டியில சுத்தி இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

ஆமா, இதுவும் ஸ்கேட்போர்டுதான். ஏன் சிரிக்கிறீங்க? இந்த வயசுல, இந்தத் தொப்பைக்கு இது எதுக்குன்னா? கண்டக்டர் இஸ்திரி போடற பலகையான்னு கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டிருக்க முடியுமா?

உங்க கால் என்ன நம்பர்? ஏழா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். ஷூ பாக்க நல்லாயிருந்துச்சு.

எங்க, உங்களுத கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. ஓ, வெறும் கம்பெனி பேரு. பரவால்ல, தப்பா எடுத்துக்காதீங்க. யார் பலகையப் பாத்தாலும் என் கை மொதல்ல அதத் திருப்பத்தான் போகும். மேல்பக்கம் எல்லாத்துலயும் ஒண்ணுதான? கால் வழுக்காம இருக்க கருப்பா உப்புத்தாள் மாதிரி ஒட்டியிருக்கும். கிரிப்புன்னு சொல்வீங்க. அதுல பாக்க என்ன இருக்கு? கீழ்ப்பக்கத்துலதான் படம். எனக்குப் படம்தான். சக்கரம், ஓட்டறது, விழறதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு.

என் பேரு பரசுராமன். அடையார்ல அமுதா ஸ்டுடியோல இருவத்தாறு வருஷமா டச்சிங் பண்றேன். முன்னெல்லாம் பிரஷ்ல பண்ணோம், இப்ப கம்ப்யூட்டர்ல. வேலை ஒண்ணுதான். கல்யாணப் பொண்ணு மொகத்துல பரு இருந்தா எடுக்கணும். பழைய போட்டோல மடிப்பு விழுந்திருந்தா, கீறியிருந்தா சரி பண்ணணும். நான் பண்ணிக் குடுத்தப்புறம் கீறல் எங்க இருந்துச்சுன்னு போட்டோவுக்குச் சொந்தக்காரனாலயே கண்டுபிடிக்க முடியாது. ஒருத்தன், செத்துப்போன அவங்கப்பா போட்டோவப் பெரிசு பண்ணக் குடுத்தான். மூக்கு மேல ஒரு மரு, கடலை சைஸுக்கு. அத எடுத்துட்டு மூக்க எவ்ளோ லட்சணமாக்கிக் குடுத்தேன் தெரியுமா? வந்து பாத்துட்டு, இது எங்கப்பா இல்லைங்கறான். சில பேருக்கு ரசனை அவ்ளோதான். சரி, அத விடுங்க.

நீங்க அந்தக் குளத்துக்குத்தான போறீங்க? ஞாயித்துக்கிழமை காலையில இந்த பஸ்ல பலகையோட ஏறுறவன் வேற எங்க போவான்! முட்டுக்காடு தாண்டி, மூடிக் கெடக்கற ரிசார்ட்டு. உள்ள தண்ணி இல்லாத நீச்சல் குளம். வாட்ச்மேன் நல்ல மனுஷன், ஏழு மணிலேந்து பத்து மணி வரைக்கும் விட்டுருவாரு. நான் அங்க எட்டு வருஷமா போறேன். கல்யாண ஜோடி ஒண்ண போட்டோ எடுக்கறதுக்காக எங்க கேமராமேன் கூடப் போனேன் மொதல்ல. வெயில் சரியா வரட்டும்னு காத்துட்டு இருந்தோம். பாத்தா, குளத்துக்குள்ள நாலஞ்சு பேரு கிண்ணத்துல கோலி உருட்டற மாதிரி சுத்திச் சுத்தி வர்றானுங்க. மேல படிக்கட்டு கிட்ட ஒருத்தன் ஒரு பலகையக் கவுத்துப் போட்டு, அதுல வஞ்சிர மீன் ஒண்ணு வரைஞ்சிட்டு இருந்தான்.

மீன்னா மீன் இல்ல தம்பி. ஒவ்வொரு செதிலுக்குள்ளயும் ஒரு சின்னப் படம். ஒண்ணுல வலை பின்றவன், ஒண்ணுல லைட் ஹவுஸ், ஒண்ணுல மாதா கோயில் தேர். நான் பொண்ணு மாப்பிள்ளைய மறந்துட்டேன். எங்க கேமராமேன் வந்து சட்டையப் புடிச்சு இழுக்கற வரைக்கும் அங்கயே நின்னுட்டேன்.

அவன்தான் ரெமி. ரெமிஜியுஸ்னு முழுப் பேரு. பக்கத்துக் குப்பம்தான். பள்ளிக்கூட கைடுக்கெல்லாம் படம் போடுவான், படகுக்குப் பேரு எழுதுவான், வயித்துப் பொழப்புக்கு அது. மனசுக்கு இது. வரைவான், ஓட்டவும் ஓட்டுவான். அதுவும் வெறுங்கால்ல. செருப்பே போட மாட்டான். சின்னக் காலு, ஏழாம் நம்பர். அது எனக்கு அப்பத் தெரியாது. இப்பத்தான் தெரியும்.

அந்த வஞ்சிரத்த எனக்குக் குடுன்னு கேட்டேன். ஓட்டுவீங்களாண்ணேன்னான். ஓட்டறதா, வீட்ல மாட்டி வெப்பேன்னேன். அப்ப கெடையாதுன்னுட்டான். அவன் சட்டம் அது. படம் போட்ட பலகைய ஓட்டறவனுக்குத்தான் குடுப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உங்களுக்குத் தெரியாததில்ல, அந்தக் குளத்து விளிம்புல பலகையோட வயித்த வெச்சு சர்ருன்னு இழுத்துட்டுப் போவீங்களே, அதக் கேட்டாலே எனக்குப் பல்லு கூசும். ஒரு மாசம் ராப்பகலா வரைஞ்சத ஒரு வாரத்துல சிமெண்ட்ல தேச்சுருவானுங்க. "ஏம்ப்பா, அழியறதுக்கா வரையற?"ன்னு கேட்டேன்.

"தேயட்டும் பரசண்ணே. தேஞ்சாத்தான் அது அவனோடது"ன்னான்.

என்ன பேச்சு இது, சொல்லுங்க. தேஞ்சா அது யாரோடதும் இல்ல. குப்பை.

கடைசியில ஒரு பேச்சுக்கு வந்தான். "ஒரு தடவ ஏறி நின்னு காட்டுங்க, தரேன்"னான். நான் ஏறினேன். இந்தப் பக்கம் ஒருத்தன் கை புடிச்சான், அந்தப் பக்கம் ஒருத்தன் கை புடிச்சான். பொண்ணு அழைப்பு மாதிரி கூட்டிட்டுப் போனானுங்க. நாலடி போயிருப்பேன். இடுப்புல விழுந்தேன். இன்னைக்கும் மழை வந்தா அந்த எடம் எனக்கு மொதல்ல சொல்லிரும். ஆனா வஞ்சிரம் கையில வந்துச்சு. ஒரு கீறல் இல்லாம.

அதுக்கப்புறம் அவன், வஞ்சிரத்தோட சேத்து பன்னெண்டு மீன் போடப் போறேன்னான். ஒரு வரிசை. ஒவ்வொண்ணும் ஒண்ணுதான், ரெண்டாவது கெடையாது. சங்கரா, வவ்வாலு, நெத்திலி, சுறா, விலாங்குன்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்? யாரையாவது அனுப்புவேன். மச்சான் ஆபீஸ்ல ஒருத்தன், எங்க தெருவுல ஜிம்முக்குப் போறவன் ஒருத்தன். போயி, ஓட்டறவன் மாதிரி ரெண்டு சுத்து சுத்தி வாங்கிட்டு வந்து என்கிட்ட குடுப்பானுங்க. நேரா சுவருக்கு. எங்க வீட்ல ஹால்ல ஏழு, சமையலறை வாசல்ல மூணு, வாஷ் பேசினுக்கு மேல சுறா. எங்க வீட்ல அரசி, என் சம்சாரம், பல்லு வெளக்கறப்பக் கூட இது என்னப் பாக்குதுன்னு கத்துவா.

ரெமிக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான், சம்சாரம் அல்போன்சாவோட. சுத்திப் பாத்தான். பதினோரு மீன். கோவப்படுவான்னு பாத்தா, வயித்தப் புடிச்சிட்டு சிரிக்கிறான். "பரசண்ணே, நீங்க வீடு கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். கருவாட்டுக் கடை வெச்சிருக்கீங்க!"

கருவாட்டுக் கடை. அதுக்கப்புறம் குளத்துல எல்லாப் பயலும் என்னக் கருவாட்டுக் கடைண்ணேன்னுதான் கூப்பிடுவானுங்க. நான் கண்டுக்க மாட்டேன். எவன் பலகையில இன்னைக்கு மீன் இருக்கு? என் சுவருலதான இருக்கு.

அன்னைக்கு இன்னொண்ணும் பாத்தான். ஹால் சுவத்துல ஏழு பலகைக்குப் பக்கத்துல ஒரு ஆணி மட்டும் சும்மா இருந்துச்சு. "இது யாருக்குண்ணே?"ன்னான். பன்னெண்டாவது திருக்கை. அத அவன் யாருக்கும் குடுக்கல, தனக்கே வெச்சுக்கிட்டு ஓட்டிட்டு இருந்தான். "அளவு சரியா வரணும்ல, அதான் சேத்து அடிச்சிட்டேன்"னேன். "அப்ப இது எனக்கு அடிச்ச ஆணி"ன்னு சிரிச்சான். அல்போன்சா சிரிக்கல. எனக்கு அந்த எண்ணமே கெடையாது தம்பி. அளவுக்குத்தான் அடிச்சேன். லெவல் பாத்து அடிக்கறப்ப எல்லாத்தையும் ஒரேடியா அடிச்சாத்தான் நேரா வரும். கேட்டுப் பாருங்க, எந்த கார்பெண்டரும் சொல்லுவான்.

திருக்கைய நீங்க பாக்கணும். பிரிச்சுக் காட்டறேன் இருங்க, அந்த முனைய மட்டும் புடிங்க. பாத்தீங்களா! இந்த றெக்கைக்குள்ள பாருங்க, முழுக்க அவங்க குப்பம். ஒவ்வொரு வீடும். இது அவன் வீடு, வாசல்ல குடத்தோட நிக்கறது அல்போன்சா. வால் பூரா படகு, ஒண்ணு பின்னால ஒண்ணா, கடைசிப் படகு எறும்பு சைஸுக்கு. மூணு முடி பிரஷ்ல போட்டிருக்கான். இதப் போய் சிமெண்ட்ல தேய்க்கறான்னா எனக்கு எப்படி இருக்கும்?

ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம போய் படிக்கட்டுல உக்காந்திருப்பேன். ஒரு கேமரா. ஒரு ஃப்ளாஸ்க். திருக்கை எங்க தெரியுதோ, எப்பத் தெரியுதோ, எடுத்துருவேன். இரநூறு போட்டோ இருக்கு என்கிட்ட. மொத நாள் பெயிண்ட் காயறப்ப எடுத்ததுலேந்து.

ஒரு நாள் ரெமி விழுந்தான். விளிம்புல ஏறினவன் அப்படியே பின்பக்கமா. பலகை தனியா பறந்து வந்து என் காலுகிட்ட கவுந்து விழுந்துச்சு. எல்லாரும் அவன்கிட்ட ஓடறானுங்க. நான் பலகையத் தூக்கிப் பாத்தேன். இந்த றெக்கைல, இங்கேந்து இங்க வரைக்கும், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளக் கோடு. மரம் தெரியுது. பத்து வீடு போச்சு. "ஐயோ, போச்சே! போச்சே!"ன்னு கத்திட்டேன். மணிக்கட்டு ஒடஞ்சு கீழ கெடக்கறவன் அங்கேந்து, "ஒண்ணும் இல்லண்ணே, கைதான், பயப்படாதீங்க"ங்கறான். அவனுக்காகக் கத்தறேன்னு நெனச்சுட்டான் பாவம்.

இப்ப அந்தக் கோட்டத் தேடிப் பாருங்க. தேடுங்க, தேடுங்க. கெடைக்காது.

அதான் சொல்ல வர்றேன்.

போன ஐப்பசியில ரெமி போயிட்டான். மஞ்சக்காமாலை. நாட்டு மருந்து, அப்புறம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, மொத்தம் பதினோரு நாள். முப்பத்திநாலு வயசு. மழையில குளத்துல தண்ணி நின்னுட்டதால நான் ஒரு மாசமா அந்தப் பக்கமே போகல. எனக்குச் சேதி வந்தப்ப அடக்கமே முடிஞ்சிருந்துச்சு. டைட்டஸ்னு அவன் கூட்டாளி ஒருத்தன், நீங்க அங்க பாப்பீங்க, தாடி வெச்சிருப்பான், அவன்தான் போன் பண்ணான். நான் சோத்துத் தட்டுல கை வெச்சபடியே உக்காந்திருந்தேன். அரசி வந்து கையக் கழுவி விட்டா. எனக்கு வாழ்க்கையில ரசனை தெரிஞ்ச மனுஷன்னு ஒருத்தன் கெடைச்சான், அவனும் போயிட்டான்.

ஒரு வாரம் கழிச்சு அல்போன்சா ஸ்டுடியோவுக்கு வந்தா. கையில திருக்கை, துண்டுல சுத்தி. "அண்ணே, முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள இத கண்ணாடி போட்டுத் தரீங்களா? வீட்ல இருந்தா அழிஞ்சிரும்ணே. அழியாம இருக்கணும்"னா. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன். "கவலையே படாதம்மா. பத்தரமா பண்ணித் தரேன். நீ யாருகிட்ட குடுக்கணுமோ அவன்கிட்டதான் குடுத்திருக்க"ன்னேன். அவ போறப்ப வாசல் வரைக்கும் போயி திரும்பி வந்து, அந்தத் துண்ட விலக்கி உள்ளங்கையால ஒரு தடவ தடவிட்டுப் போனா. பாசம்னு நெனச்சேன். பாசம்தான். அவ எந்தப் பக்கத்தத் தடவினான்னு நான் பாக்கல.

தம்பி, நான் ஒம்பது நாள் லீவு போட்டேன். இருவத்தாறு வருஷத்துல என் கல்யாணத்துக்குக் கூட நாலு நாள்தான் போட்டேன். கோடு ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல. லப்பம் வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டு, திரும்ப அடைச்சு. மொத நாள் எடுத்த போட்டோவப் பெரிசா பிரிண்ட் போட்டு எதிர்ல ஒட்டிக்கிட்டேன். போன பத்து வீட்டையும் கட்டினேன். ஓட்டுக்கு ஓடு, சன்னலுக்கு சன்னல். அல்போன்சா கையில குடம் பாதி அழிஞ்சிருந்துச்சு, அதக் குடுத்தேன். வால்ல கடைசிப் படகு. அந்த எறும்புப் படகு. அதுக்கு மட்டும் ஒரு நாள். மூச்ச அடக்கிட்டுப் போட்டேன். ரெமி வந்து பாத்தாலும் இது நான் போட்டதுன்னுதான் சொல்லுவான். சத்தியமா.

அப்புறம் திருப்பினேன். மேல்பக்கம் அசிங்கமா இருந்துச்சு. கிரிப்பு கிழிஞ்சு, முனையெல்லாம் மண்ணு, நடுவுல ரெண்டு எடத்துல தேஞ்சு, எண்ணெய் எறங்கின மாதிரி மினுமினுன்னு. இவ்ளோ அழகான படத்துக்குப் பின்னால இது இருக்கலாமா? அரசியோட தலைமுடி காயவைக்கற மெஷினப் புடிச்சுச் சூடு காட்டினேன், தோல் உரியற மாதிரி வந்துச்சு. உரிச்சுச் சுருட்டிக் குப்பையில போட்டுட்டேன். காலையில கார்ப்பரேஷன் வண்டி எடுத்துட்டுப் போயிருச்சு. புதுசு வாங்கி ஒரு கொப்புளம் இல்லாம ஒட்டினேன். சக்கரத்தக் கழட்டி வெச்சுட்டு, பின்னால பிளைவுட், முன்னால கண்ணாடி, தேக்குச் சட்டம்.

முப்பதாம் நாள். பூசை முடிஞ்சு கோயிலுக்குப் பக்கத்து ஹால்ல எல்லாரும் இருக்காங்க. நான் துணிய விலக்கினேன். ஒருத்தரும் பேசல. நான் என்ன நெனச்சேன், பேச்சே வரலடா இவனுங்களுக்குன்னு நெனச்சேன். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி.

டைட்டஸ் கிட்ட வந்து கண்ணாடியில மூக்கு ஒட்டற மாதிரி பாத்தான். "அண்ணே, அவன் கை ஒடஞ்ச கோடு எங்க?"ன்னான்.

"போயிருச்சுல்ல!"ன்னேன். சந்தோஷமா சொன்னேன் தம்பி.

அல்போன்சா படத்தையே பாக்கல. நேரா வந்து சட்டத்தத் திருப்பினா. பிளைவுட் இருந்துச்சு. "இதத் திறங்க"ன்னா. எதுக்கும்மா, தூசி போகும்னேன். "திறங்கண்ணே"ன்னா. டைட்டஸ் சாவிய வெச்சு ஸ்க்ரூவக் கழட்டினான். புது கிரிப்பு, கரு கருன்னு. அவ உள்ளங்கைய வெச்சா. அப்படியே மேலேந்து கீழ தடவிட்டே வந்தா, இருட்டுல சுவிட்சத் தேடற மாதிரி. அப்புறம் கைய எடுத்துட்டு என்னப் பாத்தா.

"இது யாரோட பலகைண்ணே?"

நான் சொன்னேன், ரெமியோடதுதாம்மா, புதுசா ஒட்டியிருக்கேன், பழசு கிழிஞ்சிருந்துச்சுன்னு. பழசு எங்கன்னு கேட்டா. எங்கன்னு சொல்றது?

அப்பத்தான் சொன்னா. சத்தம் போடல, அழல. இட்லிக்கு மாவு இல்லன்னு சொல்ற மாதிரி சொன்னா. "அதுல அவர் கால் இருந்துச்சுண்ணே. ரெண்டு காலும். வெறுங்கால்ல நின்னு நின்னு, விரல் கூட தனித்தனியா பதிஞ்சிருக்கும். அவர் போனதுலேந்து காலையில எழுந்து அது மேல அஞ்சு நிமிஷம் நின்னுட்டுத்தான் அடுப்பு பத்த வெப்பேன். அப்புறம் பயம் வந்துருச்சு, என் கால் பட்டு அவர் கால் அழிஞ்சிருமோன்னு. அதான் கண்ணாடி போடச் சொன்னேன்."

அவ்ளோதான். சட்டத்த ஒரு நாற்காலி மேல சாச்சு வெச்சுட்டு, வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கப் போயிட்டா. எனக்கும் ஒண்ணு கொண்டாந்து குடுத்தா. சக்கரை போதுமாண்ணேன்னு கேட்டா.

எந்தப் பக்கம்னு அவ சொல்லல தம்பி. நான் கேக்கல. கேக்கணும்னே தோணல, ஏன்னா பலகைன்னா அதுக்கு ஒரு பக்கம்தான எனக்கு. டைட்டஸ் வெளிய வந்து என்ன சொன்னான் தெரியுமா? "எடுத்துட்டுப் போங்க, அந்த ஆணியில மாட்டுங்க. பன்னெண்டும் சேந்துருச்சு உங்களுக்கு"ன்னான். வாய்க்கு வந்தத பேசறான். எனக்கு அந்த எண்ணமே கெடையாது. வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனேன், வேற எங்க வெப்பேன், அந்த ஆணியிலதான் மாட்டினேன். அளவு சரியாத்தான் இருந்துச்சு. மூணு நாள் மாட்டியிருந்தேன். மூணு நாளும் நான் ஹாலுக்குள்ள வரல, சமையலறையில உக்காந்தே சாப்பிட்டேன். நாலாம் நாள் அரசியே கழட்டி என் கையில குடுத்து, எதாவது பண்ணுங்கன்னா.

எதாவது பண்ணணும்ல? இருக்கற கீறல இல்லாம பண்றவனுக்கு, இல்லாதத இருக்கற மாதிரி பண்ணத் தெரியாதா? சட்டத்தப் பிரிச்சு, சக்கரத்தத் திரும்ப மாட்டினேன். மொதல்ல குளிக்கற கல்லு வெச்சு நானே தேச்சுப் பாத்தேன். கால் மாதிரி வரல, தோசை மாதிரி வந்துச்சு. உரிச்சுட்டுத் திரும்ப ஒட்டினேன். நானே ஏறி நிக்கலாம்னா என் கால் ஒம்பது, இடுப்பும் தாங்காது. அப்பத்தான் புரிஞ்சுது, இதுக்கு ஒரு ஆள் வேணும். செருப்புக் கடையில போயி விசாரிச்சேன், ரெமி வாங்கற கடை. பூசைக்குப் போடறதுக்குன்னு வருஷத்துக்கு ஒண்ணு வாங்குவானாம். ஏழாம் நம்பர்னாரு.

அதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த பஸ்ல வர்றேன். குளத்துல மூணு பேருகிட்ட கேட்டுட்டேன். ஒருத்தன் சிரிச்சான், ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான். டைட்டஸ் என்ன கேட்டுக்குள்ளயே விடறதில்ல இப்ப. நீங்க புதுசு. உங்களுக்கு யாரையும் தெரியாது. ஒரு ஆறு மாசம், தம்பி. வாரத்துக்கு ரெண்டு நாள் இத ஓட்டிக் குடுங்க. வெறுங்கால்ல. அவன் வலது கால முன்னாடி வெப்பான், அது மட்டும் நல்லாத் தெரியும், மத்தவனுங்க இடது கால வெப்பானுங்க, இவன் மாத்தி வெக்கறான்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவானுங்க. படம் தேஞ்சா தேயட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவகிட்ட கொண்டுபோய்க் குடுத்து, கெடைச்சிருச்சும்மா, குப்பை வண்டிக்காரன் எடுத்து வெச்சிருந்தான்னு சொல்லிருவேன். அவ கண்ணால பாக்க மாட்டா, கால வெச்சுத்தான பாப்பா. ஏழாம் நம்பர் ஏழாம் நம்பர்தான?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

வாங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. பாத்து எறங்குங்க, இவன் நிறுத்தறதுக்குள்ள எடுத்துருவான்.

ரிசார்ட்டு அதோ, அந்தத் தென்னமரம் தெரியுதே, அங்க. நான் கேட்டு வரைக்கும்தான் வர முடியும். அதுக்கு முன்னாடி இங்கயே ஒரே ஒரு தடவ. இந்த பஸ் ஸ்டாப் சிமெண்ட்டு சமமாத்தான் இருக்கு. கால வெச்சா போதும், ஓட்ட வேணாம். சாக்பீஸ் வெச்சிருக்கேன், சுத்திக் கோடு போட்டுக்கறேன், அளவுக்கு. ஷூ கழட்டுங்க. சாக்ஸும். ரொம்ப நன்றி தம்பி. நான் சக்கரத்தப் புடிச்சுக்கறேன், ஏறுங்க.

வலது கால் முன்னாடி. ஆங். இன்னும் கொஞ்சம் முன்னாடியா? இந்த ஸ்க்ரூ மேல வெச்சுப் பாருங்க. இல்ல, பின்னாடி வைங்க. நேரா வெப்பானா, சாய்ச்சு வெப்பானா… இடது கால் பலகையோட பின்முனை மேலயா, அதுக்கு முன்னாடியா? இருங்க. இருங்க, யோசிக்கறேன்.

உரிக்கறப்ப பாத்தேனே. மினுமினுன்னு ரெண்டு எடம். எந்த எடம்?

போட்டோ இல்ல தம்பி. இரநூறும் அடிப்பக்கம்தான். டைட்டஸ்கிட்ட வீடியோ இருக்கும், தர மாட்டான். ஆனா நான் நேர்லயே பாத்தவன். ரெண்டு வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை விடாம, படிக்கட்டுல உக்காந்து பத்தடி தூரத்துல பாத்திருக்கேன். கால எங்க வெச்சான்னு தெரியல எனக்கு. அவன் நிக்கறப்ப எனக்குப் படம் தெரியாதே. அவன் ஒழுங்கா நின்னு ஓட்டிட்டு இருந்தா நான் ஃப்ளாஸ்க்கத் திறந்து டீ குடிச்சிட்டு இருப்பேன். திருக்கை முழுசாத் தெரியணும்னா பலகை கவுரணும். பலகை கவுரணும்னா…

ரெண்டு வருஷமா அவன் விழறதுக்குத்தான் தம்பி நான் அங்க காத்துட்டு உக்காந்திருந்தேன்.

இல்ல, எறங்காதீங்க. சாக்பீஸ் வேணாம், உள்ள வெச்சுட்டேன். நீங்க உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே நில்லுங்க. கொஞ்ச நேரம். நீங்க நிக்கறதையாவது பாத்துக்கறேன்.